வெறும் மேலும் ஒரு வேலியும்

வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டால் தம்பலகாமத்திலிருந்து குச்சவெளி வரை பகல் பன்னிரண்டு மணிக்கு வீடுகள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு வேம்பின் கீழ் கிடப்பார்கள். பெண்கள் தகரக் கூரைக் குசினிக்குள் நைற்றியும் அதற்கு மேலே ஒரு துவாயுமாக அடுப்படியில் நிற்பார்கள். வெக்கை இருவருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு உடுப்பைக் குறைக்க இடமிருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

உடுப்பில்லாமல் இயற்கையோடு ஒட்டி இருப்பதை மேற்கில் நேச்சரிசம் என்று சொல்கிறார்கள். அந்த வாழ்முறையைத் திருகோணமலைக் கிராமத்தில் வைத்து யோசிப்பதானால் இந்தக் குசினியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலாவெளிக் கடலில் வெள்ளைக்காரர் உடுப்பில்லாமல் குளிக்கலாமா என்ற வாக்குவாதத்தில் தொடங்கினால் விசயம் கைநழுவிப் போய்விடும். எங்கள் ஊரில் இது வளவுக்குள் தீர்க்கவேண்டிய காரியம். இன்னும் சரியாகச் சொன்னால், வேலியால் தீர்க்கவேண்டிய காரியம்.

சொல்லும் முக்கியம். நிர்வாணம் என்றால் துறவு மணக்கிறது. அம்மணம் என்றால் வெட்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஈழத்துப் பேச்சில் மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. 'மேல் கழுவிப்போட்டு வா', 'மேலெல்லாம் நோகுது', 'வெறும் மேலோடை பனிக்குள்ளை நிக்காதை' என்கிறோம். உடம்புக்கே மேல் என்று பெயர் வைத்த பேச்சு இது. வெறும் மேல் என்னும்போது அதில் ஞானமும் இல்லை, அசிங்கமும் இல்லை. காற்றுப் படுகிற தோல் மட்டும் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்வோம்.

ஐரோப்பாவில் பிறந்ததற்கும் எங்களுக்கும் உள்ள தொடுப்பு

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஆர்னோல்ட் ரிக்லி 1850களில், இன்று சுலோவேனியாவில் இருக்கும் பிளெட் ஏரிக்கரையில், வெயிலும் காற்றும் கொண்டு வைத்தியம் செய்யத் தொடங்கினார். தண்ணீர் நல்லது, காற்று அதைவிட நல்லது, வெளிச்சம் எல்லாவற்றையும்விட நல்லது என்பது அவருடைய கொள்கை. 1890களில் ஜேர்மனியின் ஹார்ஸ் மலையில் அடோல்ஃப் யுஸ்ட் ஓர் இயற்கை வைத்திய நிலையம் அமைத்தார். நோயாளிகள் மரக் குடிசைகளில் படுத்து, வேலியடைத்த வெளிகளில் வெறும் மேலோடு நடந்து, மண் பூசிக் குளித்தார்கள். யுஸ்ட் எழுதியதைத் தென்னாபிரிக்காவில் இருந்த காந்தி படித்துத்தான் வயிற்றில் மண்பற்றுப் போடும் வைத்தியத்தைப் பிடித்துக்கொண்டார். அதே காந்திதான் 1921 செப்ரெம்பர் 22 அன்று மதுரையில் மேலாடையை விட்டு அரைத்துணிக்கு மாறினார். 1927 இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் வரை போனதும் அந்த உடுப்போடுதான்.

இன்னொரு தொடுப்பைப் பலர் அறியமாட்டார்கள். நேச்சரிசத்துக்கென்று அமைக்கப்பட்ட முதல் சங்கம் ஐரோப்பாவில் அமைக்கப்படவில்லை. பம்பாய்க்குப் பக்கத்திலுள்ள தாணேயில் 1891 இல் சார்ள்ஸ் குரோஃபோர்ட் என்ற ஆங்கில நீதிபதி தொடக்கியது அது. அதில் இருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். அந்தச் சங்கத்தைப் பற்றி அவர் கடிதம் எழுதியது எட்வர்ட் கார்பென்ரர் என்ற ஆங்கில எழுத்தாளருக்கு. கார்பென்ரர் தன் தோட்டத்தில் மரக்கறி பயிரிட்டு, சப்பாத்தை விட்டுச் செருப்புத் தைத்துப் போட்டு, வாழ்க்கைச் சாமான்களைக் குறைக்கச் சொல்லி எழுதி வந்தவர். அவர் 1890 இல் இலங்கைக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் பழகிய நண்பர் பொன்னம்பலம் அருணாசலம் அப்போது குருநாகலில் நீதிபதி. அவர் மூலமாக இராமசுவாமி என்ற தமிழ் ஞானி ஒருவரிடம் போய்ப் பல நாள் பாடம் கேட்டார். ஆக, எளிய வாழ்வையும் வெறும் மேலையும் சேர்த்து யோசித்தவர்களில் ஒருவர் இங்கே தமிழரின் திண்ணையில் வந்து உட்கார்ந்து போனவர்.

பிறகு இயக்கம் பெருத்தது. பிரான்சில் லெவான் தீவில் 1931 இல் ஒரு குடியிருப்பே எழுந்தது. 1953 இல் சர்வதேச சம்மேளனம் உருவானது. அந்தச் சம்மேளனம் 1974 இல் வகுத்த வரைவிலக்கணத்தில் மூன்று மரியாதைகள் வருகின்றன: தன்மேல், பிறர்மேல், சுற்றாடல்மேல். கூட்டாக உடுப்பில்லாமல் இருப்பது அதற்கான வழி என்று அது சொல்கிறது. எங்கள் கிராமத்துக்கு அந்த மூன்று மரியாதையும் அப்படியே பொருந்தும். கூட்டாக என்ற பகுதி பொருந்தாது, பொருத்த வேண்டிய தேவையும் இல்லை.

மேலாடை மறுக்கப்பட்டவர்களை மறக்கக்கூடாது

'பழைய காலத்தில் எங்கள் ஆட்கள் மேலாடையே போடவில்லை, அதுதான் இயற்கை வாழ்வு' என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அதை அப்படி விட முடியாது. திருவிதாங்கூரில் சாதியின் பேரால் நாடார் பெண்களுக்கு மேலாடை மறுக்கப்பட்டது. அடி, உதை, தீவைப்பு என்று பல ஆண்டுகள் போன பிறகு 1859 இல்தான் அரசு பிரகடனம் செய்து அனுமதித்தது. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் சால்வை போடவும் மேலை மூடவும் தடை இருந்தது. பேரன் பேத்திகள் இப்போது முழுச் சட்டை போட்டு நடப்பது அவர்களுக்கு வெற்றி. உடுப்பைக் குறைக்கலாம் என்று பேசுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கை மனதில் வைத்திருக்க வேண்டும். தானாக விரும்பிக் கழற்றுவதும் கழற்றச் சொல்லிக் கட்டளை வருவதும் இரண்டு வேறு உலகம். வீட்டுக்குள்ளும் இதே கணக்குத்தான்: மனைவியோ மருமகளோ விரும்பாததை இயற்கை என்று சொல்லித் திணிக்க யாருக்கும் உரிமை இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொது இடத்தில் அநாகரிகமாக உடம்பைக் காட்டுவதை 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. நாட்டில் அனுமதி பெற்ற நிர்வாணக் கடற்கரை ஒன்றும் இல்லை. உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டிக் கரைகள் வாடி அடித்து, வலை காய வைத்து, கரைவலை இழுக்கிற வேலைத்தலங்கள். அங்கே உடுப்பில்லாமல் நிற்பது ஒருவர் தொழில் செய்யும் முற்றத்தில் நிற்பதற்குச் சமம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் ஆட்கள் வாளியால் அள்ளி ஊற்றுவது சாரத்தோடும் குறுக்குக்கட்டோடும்தான். அது இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் இடமும்கூட. வெறும் மேலுக்கு இடம் சொந்த வளவுதான்.

துணி எப்போது குளிர்ச்சி, எப்போது சூடு

ஒரு லீற்றர் வியர்வை தோலின்மேல் ஆவியானால் உடம்பிலிருந்து சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். எங்கள் உடம்புக்குள்ள குளிர்சாதனம் இதுதான். ஒட்டிப்பிடிக்கிற பொலியெஸ்ரர் துணி போட்டால் வியர்வை தோலில் ஆவியாகாமல் துணியின் வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது, அல்லது சொட்டி வீணாகிறது. தண்ணீர் செலவாகிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை. நிழலில், சோளகமோ கொண்டலோ மெல்ல வீசும்போது, வெறும் மேலை வெல்ல எந்தத் துணியாலும் முடியாது.

வெயிலில் இறங்கினால் கணக்கு மாறிவிடும். நேர் வெயில் தோலில் விழுந்தால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி உடம்புக்குள் போகிறது. தொளதொளவென்ற வெள்ளைப் பருத்தி அதில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கச்சான் நாட்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோலின் வெப்பநிலை சுமார் 35 பாகை. காற்று அதைத் தாண்டிச் சுட்டால், வெறும் மேலில் படும் காற்று சூட்டை எடுக்காமல் கொண்டுவந்து கொட்டும். மேற்கிலிருந்து தரை முழுதும் உருண்டு வரும் கச்சானில் மதிய நேரம் வெறும் மேலோடு வெளியில் நிற்பவருக்குத் தலையிடி வருவது இதனால்தான். எனவே நிழலில் வெறும் மேல், வெயிலில் தொளதொளத்த பருத்தி, கச்சான் மதியத்தில் வீட்டுக்குள் நனைத்த துவாய். உடுப்பில்லாமல் இருப்பதுதான் எப்போதும் இயற்கை என்று நினைத்து வெயிலில் உழைப்பவர் இரண்டாம் நாளே படுத்துவிடுவார்.

மறைப்பு கட்டுவது

பெண்களுக்கும் வெறும் மேல் கிடைக்க வேண்டுமானால் மறைப்பு வேண்டும். அதற்கு மதில் தேவையில்லை. கல்லும் சீமெந்தும் காற்றை மறிக்கும், பகற்சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கக்கும். பின்னிய தென்னோலைக் கிடுகு வேலி காற்றை வடிகட்டி உள்ளே விடும், கண்ணை மறிக்கும். எங்கள் வளவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இன்னும் வரவில்லை.

அளவு பத்து அடிக்கு எட்டு அடி போதும். உள்ளே காலை வெயிலும் விழவேண்டும் என்பதால் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். பலர் பிழைவிடும் இடம் இதுதான். திருகோணமலையில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.05க்கு. சித்திரை, ஆவணி மாதங்களில் காலை 9 மணியளவில் சூரியன் 45 பாகை உயரத்தில் நிற்கும்; அந்த நேரம் ஆறரை அடி வேலியின் நிழலும் ஆறரை அடி விழும். எட்டு அடிப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் வெயில் படும் நிலம் ஒன்றரை அடிதான் மிஞ்சும். பத்து அடியை வைத்தால் மூன்றரை அடி கிடைக்கும். ஒரு பலகைக்கட்டை போட்டு இருக்க அது காணும். காலை 8 மணிக்கு நிழல் பதினொரு அடியளவு நீளும் என்பதால் எப்படிக் கட்டினாலும் தரையில் வெயில் விழாது.

வேலிக்கு நடும் கதியாலுக்குச் சீமைக்கிளுவை நல்லது. மணிக்கட்டு மொத்தத்தில், எட்டு அடி நீளத்தில், அடியைச் சரிவாக வெட்டி எடுக்க வேண்டும். ஒன்றரை அடி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாக நட்டால் இந்த அளவுக்கு இருபது கதியால் முடியும். நடும் காலம் ஐப்பசி, கார்த்திகை. வாடைமழை தொடங்கி நிலம் ஊறியிருக்க வேண்டும். ஆனி, ஆடியில் நட்ட கதியால் மேலே தளிர்த்து ஏமாற்றும், வேர் பிடிக்காமல் ஆவணிக்குள் காய்ந்துவிடும். வெட்டிய நுனியில் ஒரு பிடி சாணி வைத்தால் ஈரம் போகாது. ஆட்டுக்கு எட்டாதபடி முதல் வருடம் தளிரைக் காக்க வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து ஒடித்த குழையை நெல்வயலுக்கும் தென்னைக்கும் பசளையாகப் போடலாம்.

கிடுகு ஒன்று ஐந்தரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டில் அரை அடி, மேல் கீழாக அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒவ்வொன்றும் மூடுவது ஐந்தடிக்கு ஓர் அடி. சுற்றளவு 36 அடி, வாசல் மறைப்போடு 40. வரிசைக்கு எட்டுக் கிடுகு, ஆறரை அடி உயர ஆறு வரிசை, ஆக 48. பழுதானதையும் சேர்த்து 50 வாங்க வேண்டும். ஆனால் ஒற்றை அடைப்பு போதாது. புதிதாக இருக்கும்போது மறைக்கும். நாலு மாதத்தில் ஓலை சுருங்கி, பின்னலுக்குள் விரல் போகும் ஓட்டைகள் வரும். இரவில் உள்ளே விளக்கு வைத்தால் வெளியே நிற்பவருக்கு நிழல் தெளிவாகத் தெரியும். உள்ளுக்கும் வெளிக்கும் இரட்டையாக 100 கிடுகு அடைத்தால்தான் குளிக்கிறவர் நெஞ்சிடி இல்லாமல் குளிக்கலாம். விளக்கைத் தரையில் வைக்காமல் தலைக்கு மேலே தூக்கி மாட்டினால் உருவம் வேலியில் விழாது.

கீழிருந்து மேலாக அடைக்க வேண்டும். மேல் வரிசை கீழ் வரிசைக்கு வெளிப்பக்கமாக ஏறவேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் மடிப்புக்குள் இறங்கி ஒரே மாரியில் உக்கிவிடும். ஓர் அடி, மூன்றரை அடி, ஆறு அடி உயரங்களில் உள்ளும் புறமும் வரிச்சுத் தடி வைத்து, ஓராள் உள்ளே, ஓராள் வெளியே நின்று குத்தூசியால் கயிற்றைக் கோத்து இறுக்குவது பழைய முறை, அதற்கு மாற்றில்லை. கயிறு தும்புக் கயிறாக இருக்கட்டும். நைலோன் கயிறு வெயிலில் வெளிறிப் பொடிந்து, அறுந்த துண்டுகள் வளவெல்லாம் கிடக்கும். நிலத்துக்கும் முதல் கிடுகுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி விட்டு அதில் ஒரு வரிசைக் கல் வைக்க வேண்டும். மண்ணைத் தொடும் ஓலையில் கறையான் ஏறும். இடைவெளியை அப்படியே விட்டால் நாய் தோண்டும்.

வாசலுக்குக் கதவு வேண்டாம். இரண்டரை அடி வழி விட்டு, அதற்கு முன்னே ஐந்தடி நீளத்தில் தனி மறைப்பு ஒன்றை இரண்டரை அடி தள்ளி அடைத்தால் வளைந்துதான் உள்ளே வரலாம். வேலிக்கு மேலே துவாய் தொங்கினால் ஆள் இருக்கிறது என்று பொருள். இந்த வழக்கத்தை வீட்டில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசி உள்ளே போகக்கூடாது, யாருடையதும், எந்தக் காரணத்துக்கும். போருக்குப் பிறகு வந்த மாடி வீடுகளையும் பார்க்க வேண்டும்: பக்கத்து மாடியின் யன்னலில் ஓராள் நின்றால் என்ன தெரியும் என்பதை ஓர் ஏணியில் ஏறிச் சோதித்துவிட்டு, தேவையான பக்கம் மட்டும் நாலடிக்குச் சாய்ப்பு இறக்கலாம். கள் சீவுபவரும் தேங்காய் பறிப்பவரும் வரும் நேரத்தைக் கேட்டு வைப்பது வீட்டுக்காரரின் கடமை.

கிணற்றடியோடு ஒட்டிக் கட்டினால் சவர்க்காரத் தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்கே போகும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து மணல் தண்ணீரைச் சல்லடை மாதிரி விட்டுவிடும், அங்கே தூரம் இன்னும் கூட வேண்டும். கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி, நிலம் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் சரியும் இடத்தில் கட்டி, நாலடிக்கு ஓர் அங்குலம் என்ற சரிவில் தண்ணீரை வாழைப் பாத்திக்கு விடுவது சரி. தரைக்குச் சீமெந்து பூச வேண்டியதில்லை. இரண்டு அங்குலச் சல்லி, அதன்மேல் தட்டையான கற்கள் போதும்.

வெயில்: எவ்வளவு, எப்போது

காலை இளவெயிலில் நின்றால் விற்றமின் டி கிடைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் அதைத் தோலில் உண்டாக்கும் புறஊதாக் கதிர், சூரியன் தாழ்ந்து நிற்கும்போது காற்றுமண்டலத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. ஒரு நல்ல அளவுகோல் நிழல். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும்போதுதான் அந்தக் கதிர் போதிய அளவு இறங்குகிறது. சித்திரை, ஆவணியில் அது காலை 9 மணிக்குப் பிறகு. அதே கதிர்தான் தோலை எரிப்பதும். திருகோணமலைக்கு மேலே சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் 12 அளவிலும் ஓகஸ்ட் 30 அளவிலும். அந்த வாரங்களில் 11 மணி முதல் 2 மணி வரை எவருக்கும் வெயில் குளியல் வேண்டாம்.

உடுப்பைக் குறைப்பதன் லாபம் இங்கேதான் தெரியும். தீக்காயத்தை மதிப்பிட வைத்தியர்கள் பாவிக்கும் ஒன்பதின் விதிப்படி தலை 9 வீதம், கை ஒவ்வொன்றும் 9, முன்னுடம்பு 18, பின்னுடம்பு 18, கால் ஒவ்வொன்றும் 18. நைற்றியும் துவாயுமாக முற்றத்தில் நிற்பவருக்கு முகமும் முன்கையும் சேர்ந்து பத்து வீதத்தைச் சுற்றித்தான் வெயில் படும். சாரத்தோடு நிற்பவருக்கு அறுபது வீதத்துக்கு மேல். வெளித்தெரியும் தோல் கூடக்கூட, நிற்க வேண்டிய நேரம் குறையும். மறைப்புக்குள் பத்து நிமிடத்தில் முடியும் காரியத்துக்கு வெளியில் ஒரு மணித்தியாலம் முகத்தைக் கருக்க வேண்டியதில்லை.

ஆனால் பிறந்ததிலிருந்து வெயில் காணாத தோல், கறுத்த மேனியானாலும், முதல் நாளில் எரியும். மார்பு, தொடையின் உட்புறம், பிருட்டம் ஆகியவைதான் முதலில் பிடிபடும். சுவிற்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் 1903 முதல் காசநோயாளிகளுக்கு வெயில் வைத்தியம் செய்த ஒகுஸ்ற் ரோலியே காலிலிருந்து தொடங்கினார். முதல் நாள் பாதம் மட்டும் ஐந்து நிமிடம், அடுத்த நாள் பாதம் பத்து, கெண்டைக்கால் ஐந்து என்று நாளுக்கு நாள் மேலே ஏற்றிக்கொண்டு போனார். இங்கே வெயில் கடுமை. முன்னும் பின்னுமாக மூன்று மூன்று நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டி, பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அன்றிரவு தோல் சுட்டால் நேரம் கூடிவிட்டது. தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்காது. வெயிலுக்கு முன் பூசினால் வியர்வைத் துவாரத்தை அடைத்து வேர்க்குருவைத்தான் கூட்டும். எண்ணெய் முழுக்கு வேறு நாளுக்கு.

வயல்காரர் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் வராமலிருக்கப் பொதுச் சுகாதார பரிசோதகர் வாரத்துக்கு ஒரு தடவை விழுங்கத் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரை, தோலை வெயிலுக்குக் கூச்சமாக்கும். அதை எடுக்கும் காலத்தில் வெயில் குளியல் கூடாது.

உலர்ந்த தோல்

வெயிலைவிடப் பெரிய நன்மை உலர்வதில் இருக்கிறது. கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கும் பெண் நனைந்த துணியோடு வீட்டுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் அரைகுறையாகத் துவட்டி, ஈரத் தோலின்மேல் உலர்ந்த உடுப்பைப் போடுகிறாள். மார்பின் கீழும் கவட்டிலும் அந்த ஈரம் மணிக்கணக்காகத் தங்குகிறது. படர்தாமரையும் தேமலும் புழுக்கமான ஈரத்தில்தான் வளரும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்ரெரொயிட் களிம்பு அரிப்பை ஒரு கிழமை அடக்கி, பூஞ்சணத்தை அகலப் பரப்பிவிடும். மறைப்புக்குள் உடுப்பில்லாமல் குளித்து, துவாயால் ஒற்றி, நிழற்காற்றில் ஐந்து நிமிடம் நின்று, மடிப்புகள் உலர்ந்த பிறகு துணி கட்டினால் பாதித் தொல்லை குறையும். அரிப்பு இருக்கிறவர் துவாயைத் தனியாக வைத்து, வெயிலில் இரு பக்கமும் திருப்பிக் காயவைக்க வேண்டும்.

வெறும் மேல் உதவாத இடங்களும் உண்டு, அவற்றை ஒளிக்கக்கூடாது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. அந்த நுளம்பு கடிப்பது காலையிலும் பின்னேரத்திலும், அதாவது மறைப்புக்குள் போக மனம் வரும் நேரங்களில். சிரட்டை, சவர்க்காரப் பெட்டி, வாளியின் அடி, கதியால் பொந்து என்று தண்ணீர் தேங்கும் எதையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்க்க வேண்டும். கிடுகு அடுக்கில் தேளும் பூரானும் ஒதுங்கும். துவாயை உதறாமல் மேலில் போடக்கூடாது. வேலியைச் சுற்றி ஓரடி அகலத்துக்குப் புல் இல்லாமல் வெறும் மணலாக வைத்திருந்தால் விரியன் கிடந்தாலும் கண்ணில் படும். பூச்சிமருந்து அடிக்கும்போது வெறும் மேலோடு சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கும் பழக்கத்தை இன்றே விட வேண்டும். கவடும் வயிறும் நஞ்சை விரைவாக உறிஞ்சும் தோல். அங்கே முழுக்கைச் சட்டையும் முழுக்காற்சட்டையும் உயிர் காக்கும் உடுப்பு.

துணிக் கணக்கு

ஒரு கிலோ பருத்தித் துணி உருவாக உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லீற்றர் தண்ணீர் போகிறது. அந்தப் பருத்தி விளைவது வேறு நாட்டில், அதனால் அந்தத் தண்ணீர் எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோய்க்கும் தண்ணீர் தெரியும். ஒரு சோடி உடுப்புத் தோய்க்க ஒரு வாளி, அலச இரண்டு வாளி. 10 லீற்றர் வாளியானால் 30 லீற்றர். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சோடி குறைந்தால் 120 லீற்றர் மிஞ்சுகிறது. கச்சான் காலத்தில் ஒரு சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு 6 லீற்றர் ஊற்ற வேண்டியிருக்கும். மிஞ்சியது 20 சதுர மீற்றர் கத்தரியையும் மிளகாயையும் ஆடி முழுக்கத் தாங்கும். கிணறு அடி தெரியும் மாதத்தில் இது சின்னக் காரியமில்லை.

குறைவான துணி என்றால் நல்ல துணி என்று பொருள். ஆணுக்கு வீட்டுப் பாவனைக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரம் இரண்டு, துவாய் ஒன்று, முக்கால் அடி அகலமும் நாலடி நீளமுமாகப் பழைய பருத்தி வேட்டியிலிருந்து கிழித்த கோவணம் மூன்று. பெண்ணுக்குக் குறுக்குக்கட்டுக்கு மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு, கை இல்லாத தொளதொளத்த பருத்திச் சட்டை இரண்டு. வியர்த்ததைச் சுருட்டி மூலையில் எறியாமல் உடனே கொடியில் விரித்துவிட்டால், எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் தோய்க்க வேண்டியதில்லை. கோவணமும் உள்ளுடுப்பும் மட்டும் நாள்தோறும் தோய்த்து, வெளி வெயிலில் காய வேண்டும். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைத்துக் காயப்போடும் உள்ளுடுப்பில்தான் பூஞ்சணம் தங்குகிறது. மறைப்பின் உட்பக்கம் கிழக்கு மேற்காக ஒரு கொடி கட்டினால் அதற்கும் இடம் கிடைத்துவிடும்.

வருடம் ஒருமுறை வேலி பிரித்து அடைக்க வேண்டும். புரட்டாதியில், வாடைமழைக்கு முன் செய்வது நல்லது. வெளிப்பக்கக் கிடுகு முழுவதையும் மாற்றி, உள்ளே இருந்ததில் நல்லதைப் பொறுக்கி இரண்டாம் அடுக்குக்கு வைத்தால் 60, 65 புதுக் கிடுகு போதும். பழையதைக் கிணற்றடியில் குவித்து வைத்தால் கறையான் புற்று எழும்பிப் புது வேலியையும் தின்றுவிடும். வெட்டி, தென்னையைச் சுற்றி ஐந்தடி தள்ளி, ஓரடி ஆழக் கிடங்கில் போட்டு, தண்ணீர் ஊற்றி மிதித்து மண்ணால் மூடினால், மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாகிவிடும்.